வேதகிரியின் நோட்டில் விடுபட்ட கட்டம்

போன வாரம் இளம் டாக்டர்களான உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை, அவரும் இதைப் படிப்பார். "மேடம், யூரிக் ஆசிட் எட்டு புள்ளி ஒன்னு. என்ன டோஸ்ல ஆரம்பிக்கலாம்?" என்றார். வணக்கத்துக்கு அடுத்தபடியாக அவர் சொன்ன முதல் வாக்கியமே அதுதான். ஆணா பெண்ணா என்று நான்தான் கேட்டேன். பெண் என்றார். வயது கேட்டேன். ரிப்போர்ட்டில் தேடுகிறார். எழுபத்திரண்டாம். எங்கே வலி என்று கேட்டேன். "வலி பத்தித் தெரியல மேடம். பையன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கார்." நான் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர், "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று நாலு தடவை கேட்டிருப்பார்.

அதன் பிறகு அவரிடம் நான் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. எழுத முடிந்ததை எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் ஒரு காலத்தில் மருந்துச் சீட்டிலேயே பதில் எழுதியிருக்கிறேன். அதனால் ஓர் அம்மாள் கிட்டத்தட்டச் செத்துப் பிழைத்தார். அரசு ஆஸ்பத்திரிகளில் பாதி வயதையும், புதுப்பட்டினத்தில் சொந்த கிளினிக் வைத்து மீதி வயதையும் கழித்துவிட்டு, இப்போது செங்கல்பட்டில் வீட்டோடு இருக்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் ஜெயித்த கதைகளாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

முதலில் ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் யாருக்கும் நோய் வருவதில்லை, ரிப்போர்ட்தான் வருகிறது. சென்னை ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் மகன், அப்பா அம்மாவின் கல்யாண நாளுக்கு ஒரு பரிசோதனைப் பேக்கேஜ் வாங்கித் தருகிறான். முன்பெல்லாம் வேட்டி புடவை வாங்கித் தந்தார்கள், யாருக்கும் ஆபத்தில்லாமல் இருந்தது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். மாலைக்குள் எழுபது எண்ணும், அதில் நாலைந்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரமும் வருகின்றன. அதுவரை காலையில் நடை போய்க்கொண்டிருந்த மனுஷி, அன்று மாலை முதல் நோயாளி. அந்த நாலைந்தில் யூரிக் அமிலம் கட்டாயம் இருக்கும். வயதானால் சிறுநீரகம் கொஞ்சம் தளரும், அதனால் ஏறும். ரத்தக்கொதிப்புக்கு நாம் கொடுக்கிற, நீரைப் பிரிக்கும் மாத்திரையாலும் ஏறும். ஏறியவர்களில் சிலருக்கு அது மூட்டில் படிந்து, கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கி, போர்வை பட்டால்கூட அலறுவார்கள். சிலருக்குக் கல் வரும். அவர்களுக்கு மருந்து வேண்டும், தயங்காமல் கொடுங்கள். எதுவுமே வலிக்காதவரின் எண்ணைக் குறைப்பதற்கு எதற்கு மருந்து? இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் புத்தகத்திலும் இருக்கிறது, என் புத்தகத்திலும் இருந்தது.

செங்கல்பட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் சீஃப் ஒருவர் இருந்தார். ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்கிக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தன் கண்ணாடிக் கூட்டை வைத்துவிடுவார். "இவங்க என்ன சொன்னாங்க? அதைச் சொல்லு" என்பார். எனக்குத் தெரியவில்லை என்றால் நோயாளி முன்னாலேயே, "உனக்கு வாயும் இருக்கு, அவங்களுக்குக் காதும் இருக்கு, அப்புறம் என்ன கஷ்டம்?" என்பார். எத்தனையோ நாள் கழிவறையில் போய் அழுதிருக்கிறேன். பின்னால் நானே சீனியர் ஆனதும் அதே கண்ணாடிக் கூட்டு வித்தையை என் ஜூனியர்களிடம் காட்டினேன். காட்டிவிட்டு நானே என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

வேதகிரி என்று ஒருவர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிகள் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். புதுப்பட்டினத்தில் என் கிளினிக்குக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மனைவி சுலோச்சனா, திருப்போரூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்போது எழுபது வயது. ரத்தக்கொதிப்புக்கு என்னிடம்தான் மருந்து. நீரைப் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்த மருந்து. சிறுநீரகம் வயதுக்கேற்ற தளர்ச்சியில் இருந்தது, அவ்வளவுதான். இருவரும் சேர்ந்துதான் வருவார்கள். வேதகிரி என் எதிரில் உட்காருவார். சுலோச்சனா ஓரத்து ஸ்டூலில் ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பேசுவது முழுக்க வேதகிரி.

அவரிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. நீல அட்டை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள், தேதி, நேரம், ரீடிங், கையெழுத்து. முப்பது வருடம் ஷிஃப்டில் லாக் புக் எழுதிய கை. வீட்டிலும் அதே வேலை. மனைவியின் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, எடை எல்லாம் அதில் இருக்கும். மகன் பரிசளித்த பேக்கேஜில் யூரிக் அமிலத்துக்கு நட்சத்திரம் விழுந்ததும் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார்.

"டாக்டர், அப்பர் லிமிட் ஆறு. ரீடிங் எட்டு புள்ளி ரெண்டு. ஆக்‌ஷன் எடுக்கணும்" என்று நோட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் முழங்கையால் அதை ஒதுக்கினேன். "இது மெஷின் இல்லை சார், உங்க மனைவி."

"அதனாலதான் டாக்டர் உங்ககிட்ட வந்தேன். மெஷினா இருந்தா நானே பாத்துக்குவேன்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வலி இல்லாவிட்டால் இதற்கு மருந்து வேண்டாம், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கவனியுங்கள், குடிக்கச் *சொல்லுங்கள்* என்றேன். குடிக்க வேண்டியவர் இரண்டடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தடவையும் வந்தார்கள். எட்டு புள்ளி ஐந்து. இந்த முறை கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற எண் அது. பழையதைவிட ஏன் ஏறியது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வயது என்று எழுதிக்கொண்டேன். நமக்குக் காரணம் தெரியாதபோதெல்லாம் எழுதுகிற வார்த்தை அது. வேதகிரி மறுபடி நோட்டைத் தள்ளினார், நான் மறுபடி ஒதுக்கினேன்.

அன்று சாயங்காலம் எதிர்சாரியில் லேப் வைத்திருந்த ஷகிலா போன் செய்தாள். நல்ல கைக்காரி, பிறந்த குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுப்பாள். "இன்னா டாக்டர், அந்த சுலோச்சனாம்மா கையில வெய்னே கெடைக்க மாட்டேங்குது. மூணு தபா குத்திக்கீறேன். ரத்தம் கெட்டியா வருது. அந்தம்மா வாயே தொறக்கல, எனக்குதான் பேஜாராப் போச்சு" என்றாள். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். வயதானவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை மழைக்காலம், காய்ச்சல் சீசன். கிளினிக் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வேதகிரி நோட்டோடு மகனையும் கூட்டி வந்தார், போனில். ஸ்பீக்கரைப் போட்டு என் மேசைமேல் வைத்தார். எட்டு புள்ளி ஒன்பது. கிரியாட்டினினும் மேலே. "டாக்டர், யூரிக் ஆசிட் கிட்னியை அடிக்கும்னு நான் படிச்சேன். அம்மாவுக்கு கிட்னியும் ஏறுது பாருங்க. ரெண்டு மாசமா ட்ரீட்மென்ட்டே இல்லாம வச்சிருக்கோம். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார் ரெஸ்பான்சிபிள்?" என்றது போன்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, வேதகிரி நோட்டில் எண்ணுக்கு அடியில் இழுத்த சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார், போனில் மகன் காத்திருந்தான். பேனாவை எடுத்து யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எழுதினேன். அந்த மருந்தைத் தளர்ந்த சிறுநீரகத்துக்குக் கொடுப்பதானால் மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். உடம்பில் தடிப்பு ஏதாவது தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும் என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். நான் முழு மாத்திரை எழுதினேன். எச்சரிக்கையும் சொல்லவில்லை. "ஒரு நாளும் விடாம போடச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்படிப்பட்ட சீட்டை நோயாளிக்காக நாம் எழுதுவதில்லை. அறையில் இருப்பவர்கள் எழுந்து போக வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம். உங்களுக்கும் அந்த அவசரம் வரும். வரும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லுங்கள். திட்டிக்கொண்டு போவார்கள், போகட்டும்.

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் காலை ஒன்பது மணிக்கு வேதகிரி தனியாக வந்தார். நோட்டு இல்லை. எப்போதும் லிமிட், ரீடிங் என்று பேசுகிறவரின் வாயில் அன்று இங்கிலீஷே இல்லை.

"டாக்டர், ஒடம்பெல்லாம் செவந்து கீது. நெருப்பா கொதிக்குது. இன்னான்னே தெர்ல. அக்கம்பக்கத்துல அம்மைன்றாங்க. ரெண்டு நாளா படுத்துகினு கீறா."

"வாய்ல புண் இருக்கா?"

"வாயெல்லாம் வெந்து போய்க் கீது. கஞ்சி எறங்கல."

காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு அவரோடு நடந்தேன். அந்த இரண்டு தெருவும் அன்று முடியவே மாட்டேன் என்றன. வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. உள்ளே கூடத்தில் பாயில் சுலோச்சனா. முகம் வீங்கி, கண் சிவந்து, உதடு வெடித்து, கழுத்திலிருந்து கீழே ஒரே சிவப்பு. அது அம்மை இல்லை என்பது நிலைப்படியில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு அம்மாள் வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தார், அடுத்த வீட்டுக்காரர்.

"மாத்திரை?" என்று கேட்டேன்.

வேதகிரி ஓடிப்போய், கிழமை எழுதிய அறைகள் உள்ள பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டு வந்தார். "ஒன்னுகூட வுடல டாக்டர். நீங்க சொன்ன மாரியே. இன்னிக்குக் காலைலகூட நான்தான் பொடி பண்ணித் தண்ணியில கரைச்சு ஊத்தினேன்."

"நான் அப்பவே சொன்னேம்மா" என்றார் வேப்பிலை வைத்திருந்த அம்மாள். "அம்மை கீறச்சொல்லோ மாத்திரை கீத்திரை ஒன்னியும் குடுக்காதன்னு. இவரு எங்க கேக்கறாரு? டாக்டர் சொல்லிக்கீறாங்கன்னு ஒரே புடியா நிக்கிறாரு."

அந்த அம்மாள் படித்தவர் இல்லை. அவர் நினைத்த நோயும் தப்பு. ஆனால் அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டு நாள் முன்னாலேயே அந்த மாத்திரை நின்றிருக்கும். என் பேச்சைக் கேட்டதால்தான் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு விழுந்த அடிகளில் இது ரொம்ப வலித்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரியை எப்படி எழுதினேன் தெரியுமா? 'காய்ச்சலும் தோல் தடிப்பும், காரணம் தெரியவில்லை.' கை தானாக அப்படித்தான் எழுதியது. பொய் என்று யாரும் சொல்ல முடியாத பொய். அடுத்த வரிக்குப் போகும்போது வேதகிரி குனிந்து, "அம்மையா டாக்டர்?" என்று கேட்டார்.

"இல்லை சார். நான் கொடுத்த மாத்திரை" என்றேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எது?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். ஒவ்வொரு கிழமையாக டப்பாவைத் திறந்து அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்தார். சனிக்கிழமை வரை பொறுக்கினார். நான் முதல் வரியை அடித்துவிட்டு மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, கடைசியாகக் கொடுத்த நேரம், எழுதிக் கொடுத்தவள் நான் என்பது வரை எழுதினேன்.

ஆம்புலன்ஸில் நானும் போனேன். செங்கல்பட்டில் பணியில் இருந்தவர் உங்கள் வயதுப் பெண். கடிதத்தைப் படித்துவிட்டு, "தேங்க்ஸ் மேடம். இந்த வரி இல்லைன்னா வீட்ல போட்டுக்கிட்டிருந்த எல்லா மாத்திரையையும் நாங்களும் கன்டினியூ பண்ணியிருப்போம்" என்றார். நன்றி சொல்லப்பட வேண்டிய நிலையில் நான் இல்லை. ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன், தப்பு செய்தால் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் மானம் எக்கேடோ கெட்டுப் போகட்டும், அடுத்த டாக்டருக்கு நேரம் மிச்சமாகும்.

அதன் பிறகு வந்த நாட்களை விவரமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தோல் உரிந்தது. சிறுநீர் குறைந்துகொண்டே போனது. டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம், அதையும் உடம்பு தாங்குமா தெரியாது என்றார் சிறுநீரக டாக்டர். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ்ஸில் போய் வந்தேன். வராண்டாவில் வேதகிரி நோட்டை மடியில் வைத்து, எத்தனை மில்லி சிறுநீர் என்று மணிக்கொரு தடவை எழுதிக்கொண்டிருப்பார். அங்கே அந்த நோட்டை யாரும் ஒதுக்கவில்லை. வார்டு நர்ஸே கேட்டு வாங்கிப் பார்த்தார். மகன் வந்திருந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை நான் படியேறும்போதே வேதகிரி மேலிருந்து, "டாக்டர், எறநூறு!" என்று கத்தினார். வராண்டாவில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். சிறுநீர் இறங்க ஆரம்பித்திருந்தது.

டயாலிசிஸ் இல்லாமலே தப்பினார். ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை, வரவும் வராது. இருந்ததில் ஒரு பங்கை நான் எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து இருவரும் என் கிளினிக்குக்கு வந்தார்கள். நானாக இருந்தால் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். சுலோச்சனா அதே ஸ்டூலில், அதே ஒயர்கூடையோடு. பாதி உடம்பாகியிருந்தார். வேதகிரி நோட்டைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் கோபம் இருந்தது.

"ஆறு புள்ளி நாலு" என்றார். "மாத்திரையே இல்ல. யூரிக் ஆசிட் அதுவா எறங்கிடுச்சு. கிட்னி அடிபட்டிருக்கு, ஏறத்தானே செய்யணும்? எப்படி டாக்டர் எறங்கும்? எங்க பிளான்ட்ல இப்படி ஆனா மொதல்ல மீட்டரைச் சந்தேகப்படுவோம். அப்புறம் சாம்பிளை. இதுல எதைச் சந்தேகப்படறது, நீங்களே சொல்லுங்க."

நான் கையை நீட்டினேன். "நோட்டைக் குடுங்க சார்." மூன்று தடவை அவராகத் தள்ளிய நோட்டை நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

யூரிக் அமிலத்தின் பக்கத்தைப் பார்த்தேன். பேக்கேஜில் எடுத்தது, அதற்குப் பிறகு ஷகிலா எடுத்தவை. ஏதோ உறுத்தியது. மாதம் ஒரு தடவை என்றால் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். இது ஒவ்வொரு மாதமும் முன்னால் வந்துகொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தேன். இரண்டு பரிசோதனைக்கு நடுவில் இருபத்தேழு நாள். அடுத்ததற்கும் இருபத்தேழு நாள்.

"இது என்ன சார் கணக்கு?"

"கிருத்திகைக்கு மறுநாள் டாக்டர்" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "மாசா மாசம் இவ கிருத்திகை விரதம். பேக்கேஜ்காரன் வந்ததும் அதுக்கு மறுநாள்தான். லேப்ல வெறும் வயிறுதானே கேக்கறாங்க? எப்படியும் பட்டினியா இருக்கா, அப்படியே ரத்தத்தையும் குடுத்துடலாம், இன்னொரு நாள் தனியா பட்டினி போட வேணாமேன்னு நான்தான் அந்த நாளா பாத்து வச்சேன். போன மாசம்தான் ஆஸ்பத்திரியால விரதம் விட்டுப்போச்சு. இது சும்மா ஒரு நாள் எடுத்தது."

நான் நாற்காலியைத் திருப்பி சுலோச்சனாவுக்கு நேராகப் போட்டேன். "கிருத்திகை அன்னிக்கு என்னம்மா சாப்பிடுவீங்க?"

அவர் கணவரைப் பார்த்தார். வேதகிரி வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இன்னா சாப்ட்றது டாக்டரம்மா, விரதமாச்சே" என்றார் சுலோச்சனா. குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. எத்தனையோ வருடமாக என்னிடம் வருகிறவர், அவர் குரலையே அன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன். "மொத நா ராத்திரி சாப்ட்டா, கிருத்திகை முழுக்க ஒன்னும் கெடையாது. பஸ் புட்சி திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போவேன், வரிசையில நின்னு கும்பிட்டுட்டு வருவேன். மறுநா காலைல ரத்தம் குடுத்துட்டு வந்து குளிச்சிட்டுதான் வாயில வைப்பேன்."

"தண்ணி?"

"தண்ணியும் கெடையாது. இவருக்கு நெஞ்சுல ஆப்ரேசன் ஆவச்சொல்லோ வேண்டிகினது. பிரஷர் மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய் குடிப்பேன். அது மருந்து, அதனால சாமி ஒன்னும் நெனைக்காது."

அந்த ஒரு வாய்த் தண்ணீரோடு உள்ளே போனது, உடம்பில் இருக்கிற நீரைப் பிரித்து வெளியேற்றுகிற மாத்திரை. ஒன்றரை நாள் சொட்டு நீர் இல்லாமல், வெயிலில் வரிசையில் நின்று, அதன்மேல் இதுவும். யூரிக் அமிலம் ஏறாமல் என்ன செய்யும்? கிரியாட்டினின் ஏறாமல் என்ன செய்யும்? ஷகிலாவுக்கு ரத்தக்குழாய் எங்கிருந்து கிடைக்கும்?

"நிறையத் தண்ணி குடிக்கணும்னு சார் சொல்லலியாம்மா?"

"சொன்னாரே. மத்த நாளெல்லாம் குடிச்சேனே."

வேதகிரி என் மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்தார். நோட்டில் ரீடிங் கட்டத்துக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தார். தலைப்பில் 'நிலை' என்று எழுதினார். "எங்க லாக் புக்ல இந்தக் கட்டம் இல்லாம ஒரு பக்கமும் இருக்காது டாக்டர். சாம்பிள் எடுக்கும்போது பிளான்ட் ஓடிக்கிட்டிருந்துச்சா, நின்னு கெடந்துச்சான்னு எழுதணும். அது இல்லாத ரீடிங்கை எங்க ஆபீசர் கிழிச்சுப் போடுவாரு. வூட்டு நோட்டாச்சேன்னு நான் வுட்டுட்டேன்" என்றார். அதற்கு மேல் எழுத முடியாமல் பேனாவை வைத்துவிட்டார். கண் நிறைந்திருந்தது. அந்த மனிதரைப் பைத்தியக்காரர் என்று எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருப்பேன். அவர் விட்டது ஒரு கட்டம். அதைக் கேட்டு நிரப்ப வேண்டிய வேலை என்னுடையது.

சுலோச்சனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை என் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காதீங்க டாக்டரம்மா. அந்த மாத்திரையை எதுக்கு எனக்குக் குடுத்தீங்க? எனக்கு எங்க நோவுதுன்னு சொன்னேன்?"

அவருடைய கேஸ் ஷீட் மேசைமேல்தான் இருந்தது. பதில் தெரிந்தும் புரட்டினேன். அதில் 'நோயாளி சொன்னது' என்று ஓர் இடம் உண்டு, நானே அச்சடித்து வைத்த தாள். மூன்று வருகைக்கும் அந்த இடத்தில் என் கையெழுத்தில் ஒரு எண் இருந்தது. எட்டு புள்ளி இரண்டு. எட்டு புள்ளி ஐந்து. எட்டு புள்ளி ஒன்பது. அவர் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டிருந்தால்தானே சொல்வதற்கு.

"நீங்க எதுவும் சொல்லலம்மா" என்றேன். "உங்களுக்கு ஒன்னுமே இல்ல. நான் உங்களைக் கேக்காம குடுத்துட்டேன்."

"அதான பாத்தேன்" என்றார் சுலோச்சனா. கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்று, "இந்தக் கிருத்திகைக்கு இளநீ குடிக்கலாமான்னு யாரைக் கேக்கறது, உங்களையா, இவரையா?" என்றார்.